யாரைச் சார்ந்து யார்? காலாவதிச் சொல்லாடல் குறித்துச் சில வரலாற்றுக் குறிப்புகள்

மென்பொருள் நிறுவனமொன்றில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் சென்ற ஆண்டு தன் மடிக்கணினியில் ஒரு பட்டியலைக் காட்டினார். வரிக்கு வரி சிவப்பு. உருட்ட உருட்டப் போய்க்கொண்டே இருந்தது. 'இதெல்லாம் எங்க சாஃப்ட்வேர்ல இருக்கிற பழைய டிபென்டென்சி. ஓட்டை உள்ளது. மாத்தணும் மாத்தணும்னு ரெண்டு வருஷமா சொல்லிக்கிட்டே இருக்கோம்' என்றார். இவற்றை எழுதியது யார் என்று கேட்டேன். 'யாருக்குத் தெரியும்? நெட்ல இருக்கு, எடுத்துப் போட்டுக்குவோம்.' நீங்கள் எடுத்துக்கொண்டது எழுதியவர்களுக்குத் தெரியுமா? நண்பர் சிரித்தார். 'அவங்களுக்கு எதுக்குங்க தெரியணும்?'

அந்தச் சிரிப்பில் கள்ளம் ஏதும் இல்லை. நல்ல மனிதர்தான். ஆனால் ஒரு துறை முழுவதும் தன்னைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டிருக்கிறது என்பது அதில் இருந்தது. அதைப் பின்தொடர்ந்து படித்தவற்றிலிருந்து சில விஷயங்களை இங்கே வைக்கிறேன். நான் தமிழ் படித்தவன், கணினி படித்தவன் அல்ல. ஆனால் பிரதி, பதிப்பு, இடைச்செருகல் என்ற சொற்களோடு புழங்கியவனுக்கு இது முற்றிலும் அந்நியமான பிரதேசமும் அல்ல.

முதலில் விஷயம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். இன்று எந்த மென்பொருளும் ஒரு கையால் எழுதப்படுவதில்லை. ஒரு வங்கியின் செயலியை எடுத்துக்கொண்டால், வங்கி சம்பளம் கொடுத்து எழுதவைத்த நிரல் அதில் மேற்பூச்சு மாதிரிதான். தேதியைக் கணக்கிட, கோப்பைச் சுருக்க, செய்தியை ரகசியக் குறியீடாக மாற்ற, நடந்ததைப் பதிந்துவைக்க என்று ஒவ்வொன்றுக்கும் வெளியார் யாரோ எழுதிப் பொதுவில் வைத்த பொதிகள். அந்தப் பொதிகள் வேறு பொதிகளைக் கேட்கும். கல்யாணத்துக்கு நாம் அழைத்தவர்கள் நாம் அழைக்காதவர்களைக் கூட்டி வருவதுபோலப் பத்து, நூறாகும். இவற்றுக்குத்தான் டிபென்டென்சி என்று பெயர். தமிழில் சார்பு என்கிறார்கள்.

இந்தச் சொல்லிலேயே ஒரு கோளாறு இருக்கிறது. சார்பு என்றதும் நம்மில் பலருக்கு நினைவு வருவது ஆந்த்ரே குந்தர் ஃபிராங்க் முதலியோர் லத்தீன் அமெரிக்காவை முன்வைத்துப் பேசிய சார்புநிலைக் கோட்பாடு. விளிம்பு மையத்தைச் சார்ந்து நிற்கும்படி ஆக்கப்படுகிறது, விளிம்பின் வறுமை இயற்கையானதல்ல, உற்பத்தி செய்யப்பட்டது என்பது அதன் சாரம். இங்கே நிலைமை தலைகீழ். கோடிக்கணக்கில் புரளும் நிறுவனம், எங்கோ ஒருவர் வேலை முடிந்து வந்து ராத்திரி எழுதிய நிரலைச் சார்ந்து நிற்கிறது. ஆனால் 'சார்பு' என்ற பெயர் நிறுவனத்துக்கு அல்ல, அந்த நிரலுக்கு. இலக்கணத்தில் பிறிதொன்றைச் சார்ந்து ஒலிப்பதைச் சார்பெழுத்து என்போம். இவர்கள் எதன்மீது சாய்ந்திருக்கிறார்களோ அதைச் சார்பெழுத்து என்கிறார்கள். தாங்குகிறவருக்குத் தொங்குகிறவர் என்று பெயர்.

'காலாவதி' என்பதும் அப்படியே. மருந்து காலாவதியாவது ரசாயனம். நிரல் துருப்பிடிப்பதில்லை, புளிப்பதில்லை. பத்து வருஷத்துக்கு முன்பு எழுதியது எழுத்துப் பிசகாமல் அப்படியேதான் இருக்கிறது. நடப்பது வேறு. யாரோ அதில் ஒரு ஓட்டையைக் கண்டுபிடிக்கிறார்கள், எழுதியவர் அதை அடைத்துப் புதிய பதிப்பு விடுகிறார், எடுத்துக்கொண்டவர் புதியதை எடுத்துக்கொள்வதில்லை. ஆக, காலாவதி என்பது பொருளின் குணமல்ல. திருத்துகிற ஒருவருக்கும் திருத்தத்தை ஏற்காத இன்னொருவருக்கும் இடையே விழுகிற கால இடைவெளி. ஒரு மனித உறவை நிரலின் குறைபாடாகச் சொல்லத் தொடங்கியது எப்போது, அதனால் யாருக்கு என்ன லாபம் என்பதே நமது கேள்வி.

*

1968 அக்டோபரில் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் நேட்டோவின் அறிவியல் குழு ஒரு மாநாடு கூட்டியது. 'மென்பொருள் பொறியியல்' என்ற பெயரே அங்கிருந்துதான் பரவலாயிற்று. ராணுவக் கூட்டமைப்பின் பந்தலில் பிறந்த துறை இது என்பதைப் போகிற போக்கில் குறித்துக்கொள்வோம். அங்கே பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த டக் மெக்கில்ராய், மென்பொருள் உறுப்புகளைப் பெருமளவில் உற்பத்தி செய்யவேண்டும் என்று ஒரு கட்டுரை வாசித்தார். மின்னணுத் துறையில் உறுப்புகளைப் பட்டியல் பார்த்து வாங்குவதுபோல, வேகம், துல்லியம் எல்லாம் குறிக்கப்பட்ட நிரல் உறுப்புகளை வாங்கிப் பொருத்தவேண்டும், உள்ளே திறந்து பார்க்க அவசியம் இருக்கக்கூடாது. இது ஒரு தொழிற்சாலைக் கனவு. இதில் வாங்குகிறவர் இருக்கிறார், விற்கிறவரும் இருக்கிறார். உறுப்பு பழுதென்றால் போய்ச் சண்டை போட ஒரு கடை இருக்கிறது.

கனவு பலித்தது, ஆனால் கடை மட்டும் வரவில்லை. 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் குனு திட்டத்தை அறிவித்ததிலிருந்து வேறொரு ஓடை. 90களில் பெர்ல் மொழிக்காரர்கள் தங்கள் நிரல்களை ஒரே இடத்தில் குவித்துவைத்தார்கள். 2010இல் ஜாவாஸ்கிரிப்டுக்கு என்பிஎம் வந்தது. உறுப்புகள் லட்சக்கணக்கில் வந்து குவிந்தன. விற்பனைக்கு அல்ல, சும்மா. கூடவே ஒரு உரிமச் சீட்டு. அதில் எந்த உரிமத்திலும் மாறாத ஒரு வாசகத்தின் சாரம் இது: உள்ளது உள்ளபடி தருகிறேன், எந்த உத்தரவாதமும் இல்லை, இதனால் உனக்கு ஏதாவது ஆனால் என்னைக் கேட்காதே.

மார்செல் மோஸ் 1925இல் கொடை குறித்து எழுதியபோது, கொடுப்பது, பெறுவது, திருப்பிச் செய்வது என்ற மூன்று கடமைகளைப் பிரிக்கமுடியாது என்றார். இந்த உரிமச் சீட்டு மூன்றாவது கடமையை ரத்துசெய்கிறது. கொடுத்தவர் அதைத் தாராளம் என்று நினைத்தார். பெற்றவர்கள் அதை விலை பூஜ்யம் என்று மட்டும் படித்தார்கள். உத்தரவாதம் இல்லை என்ற வரியை யாரும் படிக்கவில்லை. கொடையாக வந்ததைச் சரக்காகக் கருதும் வாங்குபவர் மனோபாவம் அப்படியே தங்கிவிட்டது. பின்னால் நடந்த ஒவ்வொரு விபத்திலும் இந்தக் குழப்பம்தான் வேலை செய்கிறது.

இதை 'சுரண்டல்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது நமக்கு எளிது. எனக்கு அதில் தயக்கம் உண்டு. இவர்களை யாரும் பிடித்து வைத்து வேலை வாங்கவில்லை, விரும்பித்தான் எழுதினார்கள். விரும்பிக் கொடுக்க உபரி நேரம் யாரிடம் இருக்கிறது, ராத்திரி பத்து மணிக்கு மேல் கணினி முன் உட்கார வீட்டில் யார் சோறாக்கிவைத்தார்கள் என்ற கேள்விகளும் இருக்கின்றன. ஆனால் கொடுத்தவரின் மகிழ்ச்சி, பெற்றவரின் பொறுப்பைத் தள்ளுபடி செய்துவிடாது.

*

2014 ஏப்ரல் 7. 'ஹார்ட்பிளீட்' என்று பெயரிடப்பட்ட ஓட்டை வெளியே தெரிந்தது. இணையத்தில் நம் கடவுச்சொல்லை மறைத்து அனுப்பும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற பொதியில் இருந்தது அது. ஒரு கேள்வியைச் சற்றுத் தந்திரமாக அனுப்பினால், சர்வர் தன் நினைவகத்திலிருந்து 64 கிலோபைட் வரை அள்ளிக் கொடுத்துவிடும். அதில் கடவுச்சொல் இருக்கலாம், சாவியே இருக்கலாம். 2011 டிசம்பர் 31 இரவு மூலநிரலில் சேர்க்கப்பட்ட பிழை இரண்டு வருஷத்துக்கும் மேல் யார் கண்ணிலும் படாமல் இருந்தது. உலகின் பெரிய நிறுவனங்கள் எல்லாம் பயன்படுத்திய இந்தப் பொதிக்கு முழுநேரமாக வேலை பார்த்தவர் ஒரே ஒருவர். அதன் அறக்கட்டளைக்கு வருஷத்துக்கு வந்த நன்கொடை சுமார் 2000 டாலர்.

பத்திரிகைகள் என்ன செய்தன? பிழையை எழுதிய ஜெர்மன் ஆய்வு மாணவரைத் தேடிப் பிடித்தன. உளவுத்துறை ஆளோ என்றுகூட ஊகங்கள் கிளம்பின. கவனக்குறைவு, வேறொன்றுமில்லை என்று அவர் சொல்லவேண்டியிருந்தது. அதே மாதம் பெரிய நிறுவனங்கள் கூடி லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் ஒரு நிதி ஏற்படுத்தின என்பதையும் சொல்லவேண்டும். ஆனால் கடைசியாகக் கைவைத்தவன் யார் என்று தேடும் சடங்கு இங்கே ஆரம்பமாகிறது.

2016 மார்ச்சில் நடந்தது ஒருவகைக் கேலிக்கூத்து. அஸெர் கோச்சுலு என்பவர் 'கிக்' என்ற பெயரில் என்பிஎம்மில் ஒரு பொதி வைத்திருந்தார். அதே பெயருடைய நிறுவனம் பெயரைக் கேட்டது, அவர் மறுத்தார், என்பிஎம் பெயரை நிறுவனத்திடம் கொடுத்தது. கோபத்தில் அவர் தன் பொதிகள் 273ஐயும் எடுத்துவிட்டார். அவற்றில் ஒன்று 'லெஃப்ட்பேட்'. ஒரு சொல்லுக்கு இடப்பக்கம் இடைவெளி நிரப்பும் 11 வரி நிரல். அதைச் சார்ந்தவை, அவற்றைச் சார்ந்தவை என்று உலகம் முழுக்க மென்பொருள் கட்டுமானங்கள் நின்றுபோயின. சுமார் இரண்டு மணி நேரத்தில் அவர் நீக்கியதை என்பிஎம் மறுபடி கொண்டுவந்து வைத்தது. பிறகு, வெளியிட்டதை இஷ்டத்துக்கு நீக்கமுடியாதபடி விதியும் மாறியது. 11 வரிகூடச் சொந்தமாக எழுதத் தெரியாதா என்று அப்போது நிறையப் பேர் கிண்டல் செய்தார்கள். கிண்டலில் மறைந்துபோனது இதுதான்: பெயர் நிறுவனத்துக்குச் சொத்து, நிரலோ எழுதியவருக்குச் சொத்தல்ல.

*

நான் அதிக நேரம் செலவிட்டது ஈக்விஃபேக்ஸ் வழக்கில். 'காலாவதியான சார்பு' என்று தேடினால் முதலில் வந்து நிற்கும் பாடப்புத்தக உதாரணம் அது. பாடப்புத்தகம் சொல்வது: அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்ற பொதியில் ஓட்டை, திருத்தம் வந்தும் போடவில்லை, தரவு திருடுபோனது. ஆகவே புதுப்பியுங்கள். சரி. கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கலாம்.

அந்த நிறுவனம் 1899இல் அட்லாண்டாவில் 'ரீடெய்ல் கிரெடிட் கம்பெனி' என்ற பெயரில் தொடங்கியது. கடன் கேட்பவன் நாணயமானவனா என்று வியாபாரிகளுக்குச் சொல்வது தொழில். போகப்போக அதன் ஆட்கள் அக்கம்பக்கத்தில் விசாரித்து, இன்னார் குடிப்பாரா, குடும்பத்தில் சண்டையா, ஒழுக்கம் எப்படி என்பதுவரை எழுதிச் சேர்த்தார்கள். ஊர்வம்பு கோப்பாயிற்று, கோப்பு சரக்காயிற்று. இதற்கெதிராக எழுந்த குரல்களின் விளைவாக 1970இல் அமெரிக்காவில் கடன் தகவல் சட்டம் வந்தது. 1975இல் நிறுவனம் பெயரை மாற்றிக்கொண்டது. ஈக்விஃபேக்ஸிடம் தன் தகவலைக் கொடு என்று எந்த அமெரிக்கரும் கேட்டதில்லை, வேண்டாம் என்று விலகவும் வழியில்லை. அந்த மக்களும் ஒருவகையில் இந்த அமைப்பின் 'சார்புகள்'தான், தங்களுக்கே தெரியாமல் எடுத்துக்கொள்ளப்பட்டவர்கள்.

2017 மார்ச் 7ஆம் தேதி ஸ்ட்ரட்ஸைப் பராமரிக்கும் அப்பாச்சிக்காரர்கள் ஓட்டையை அறிவித்து, அடைத்த பதிப்பையும் வெளியிட்டார்கள். அதாவது அவர்கள் செய்யவேண்டியதைச் செய்துவிட்டார்கள். மறுநாள் அமெரிக்க அரசின் எச்சரிக்கை போனது. 9ஆம் தேதி நிறுவனத்துக்குள் 400க்கும் மேற்பட்டவர்களுக்கு 48 மணி நேரத்தில் திருத்தம் போடும்படி மின்னஞ்சல். 15ஆம் தேதி தேடிப் பார்த்தார்கள், கருவி ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. காரணம் சாதாரணமானது. தங்களிடம் ஸ்ட்ரட்ஸ் எங்கே இருக்கிறது என்ற முழுக் கணக்கு நிறுவனத்திடம் இல்லை. ஓட்டை இருந்த இடம், கடன் தகவலில் தவறு இருக்கிறது என்று மக்கள் முறையிடும் தளம். 1970களில் கட்டப்பட்ட ஒரு அமைப்பின்மீது ஒட்டப்பட்டது அது. முறையிட வந்த வாசல்வழியேதான் திருடன் நுழைந்தான்.

மே 13லிருந்து 76 நாட்கள் உள்ளே இருந்தார்கள். யாரும் பார்க்கவில்லை. உள்ளே வெளியே போவதைக் கண்காணிக்க வைத்திருந்த கருவியின் சான்றிதழ் காலாவதியாகிப் பல மாதங்கள் ஆகியிருந்ததால் அது குருடாகக் கிடந்தது. ஜூலை 29 அன்று சான்றிதழை மாற்றினார்கள், உடனே தெரிந்துவிட்டது. செப்டம்பர் 7இல் உலகத்துக்குச் சொன்னார்கள். கடைசிக் கணக்கில் சுமார் 14.8 கோடி அமெரிக்கர்களின் விவரங்கள் போயிருந்தன: பெயர், பிறந்த தேதி, முகவரி, சமூகப் பாதுகாப்பு எண். கடவுச்சொல்லை மாற்றலாம். பிறந்த தேதியை எப்படி மாற்றுவது?

அக்டோபர் 3ஆம் தேதி நாடாளுமன்றக் குழு முன்பு, ஒரு வாரம் முன்புதான் பதவி விலகியிருந்த தலைமை அதிகாரி ரிச்சர்ட் ஸ்மித் சாட்சியம் சொன்னார். காரணம் ஒரு தனிமனிதத் தவறும் கருவியின் தவறும் என்றார். திருத்தம் போடும்படி உரியவரிடம் தெரிவிக்கவேண்டிய ஒருவர் தெரிவிக்கவில்லையாம். அதற்கு முந்தின நாள்தான் ஒரு மூத்த அதிகாரி, ஒரு மின்னஞ்சலை மேற்கொண்டு அனுப்பவில்லை என்ற காரணத்தால் வேலைநீக்கம் செய்யப்பட்டிருந்தார். 400 பேருக்குப் போன மின்னஞ்சல் அது. 2018 டிசம்பரில் வந்த நாடாளுமன்றக் குழுவின் அறிக்கை வேறு கதை சொன்னது. ஸ்மித் காலத்தில் 18 நிறுவனங்களை வாங்கிச் சேர்த்த வேகம், ஒன்றோடொன்று பொருந்தாத பழைய அமைப்புகள், பாதுகாப்புத் துறையும் தகவல்தொழில்நுட்பத் துறையும் தனித்தனியாக இயங்கிய நிர்வாகம். இந்தத் திருட்டு முற்றிலும் தவிர்த்திருக்கக்கூடியது என்பது அதன் முடிவு. நிறுவனத்தைப் பெருக்கியது திட்டமிட்ட கொள்கை. பெருக்கியதைப் பராமரிக்காமல் விட்டது மட்டும் தனிமனிதத் தவறு!

2019இல் 57.5 கோடி டாலருக்குக் குறையாத, 70 கோடி டாலர்வரை போகக்கூடிய சமரசம் ஏற்பட்டது. பாதிக்கப்பட்டவர்கள் 125 டாலர்வரை பணமாகக் கேட்கலாம் என்றார்கள். கேட்டவர்கள் கூட்டம் பெருகவே, ஒதுக்கிய தொகை அதற்குப் போதாது, பணத்துக்குப் பதில் இலவசக் கண்காணிப்புச் சேவையை எடுத்துக்கொள்ளுங்கள் என்று அரசு ஆணையமே வேண்டிக்கொண்டது. 2020 பிப்ரவரியில் அமெரிக்க நீதித்துறை சீன ராணுவத்தைச் சேர்ந்த நான்கு பேர்மீது குற்றம் சாட்டியது. கதை தேசபக்தக் கதையாகி முடிந்தது.

*

2021 டிசம்பரில் லாக்ஃபோர்ஜே. நடப்பதைக் குறித்துவைக்கும் ஒரு பொதி. கணக்குப்பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். குறித்துக்கொள்ளச் சொன்ன வரியில் ஒரு முகவரியை எழுதினால் கணக்குப்பிள்ளை எழுந்து அந்த முகவரிக்குப் போய் அங்கே சொன்னதைச் செய்துவிடுவார். ஒரு விளையாட்டின் அரட்டைப் பெட்டியில் ஒரு வரி தட்டச்சு செய்தாலே போதுமாயிருந்தது. இந்த வசதி 2013இல் பயனாளி ஒருவர் கேட்டுச் சேர்த்தது. பழைய பயனாளிகளுக்குச் சிரமம் வரக்கூடாதென்று விட்டுவைத்திருந்தார்கள். பராமரித்தவர்கள் தன்னார்வலர்கள். சம்பளமில்லாமல் இரவு பகலாக உட்கார்ந்து அடைத்தார்கள், வசவும் வாங்கிக்கொண்டார்கள்.

இதன் தொடர்ச்சியாக ஒரு சிறு சம்பவம். 1990களிலிருந்து 'கர்ல்' என்ற கருவியை எழுதிவரும் ஸ்வீடன்காரர் டேனியல் ஸ்டென்பர்க்குக்கு 2022 ஜனவரியில் அமெரிக்காவின் பெருநிறுவனம் ஒன்றிலிருந்து கடிதம் வந்தது. உங்கள் பொருளில் லாக்ஃபோர்ஜே உண்டா, என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று கேள்விப் பட்டியல். 24 மணி நேரத்துக்குள் பதில் வேண்டுமாம். கர்ல் எழுதப்பட்டிருப்பது சி மொழியில், அதற்கும் லாக்ஃபோர்ஜேவுக்கும் ஸ்நானப் பிராப்தி இல்லை. ஒப்பந்தம் போட்டுக்கொண்டால் சந்தோஷமாகப் பதில் சொல்கிறேன் என்று எழுதினார். வந்த மறுமொழி அவரை டேவிட் என்று விளித்து, அப்படியானால் நாங்கள் உங்கள் வாடிக்கையாளர் இல்லையா என்று கேட்டது. அவர்களைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. மெக்கில்ராயின் பட்டியல் கடையில் நிற்பதாகவே அவர்கள் உண்மையில் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

*

இதுவரை பார்த்தவற்றில் பழையது ஆபத்து, புதியது பாதுகாப்பு என்ற சமன்பாடாவது தப்பியிருந்தது. அதையும் 2024 கலைத்துவிட்டது.

பதிப்புக்கலை படித்தவர்களுக்குத் தெரியும், நமக்கு மூத்த ஏடே உறவு. பழைய ஏடு மூலத்துக்குப் பக்கத்தில் இருக்கும், பிந்திய படிகளில் எழுதுவோன் பிழையும் இடைச்செருகலும் ஏறும் என்பது பொதுவிதி. மென்பொருளின் விதி இதற்கு நேர் எதிர். கடைசிப் படியே நல்ல படி. நண்பரின் சிவப்புப் பட்டியல் நிற்பதே இந்த விதியின்மேல்தான்.

எக்ஸ்இசட் என்பது கோப்புகளைச் சுருக்கும் ஒரு பொதி. லினக்ஸ் கணினிகளில் ஏறக்குறைய எங்கும் இருப்பது. பின்லாந்தைச் சேர்ந்த லாஸ்ஸே கொலின் பல வருஷங்களாகத் தனியாகப் பார்த்துவந்தார். 2022இல் திட்டத்தின் அஞ்சல் குழுவில், முன்பின் தெரியாத சில பெயர்கள் அவரை நச்சரிக்கத் தொடங்கின. திருத்தங்கள் தேங்கிக் கிடக்கின்றன, புதிய பதிப்பு எப்போது வரும், உனக்கு ஆர்வம் போய்விட்டது, வேறு ஆளிடம் கொடு. ஆர்வம் போகவில்லை, நீண்டகால மனநலச் சிக்கல்கள் இருக்கின்றன, இது சம்பளமில்லாத பொழுதுபோக்குத் திட்டம் என்பதை நினைவில் வையுங்கள் என்று கொலின் பதில் எழுதினார். படித்தால் மனசு சங்கடப்படும் கடிதம். ஏற்கெனவே உதவிக்கொண்டிருந்த 'ஜியா டான்' என்ற பெயருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பொறுப்பு கைமாறியது. அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்தது யார் என்பது இன்றுவரை வெளிப்படவில்லை. நச்சரித்த பெயர்கள் வேலை முடிந்ததும் காணாமல்போயின.

2024 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் வந்த 5.6.0, 5.6.1 என்ற பதிப்புகளில் ஒரு கள்ளவாசல் இருந்தது. தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் வாயிலையே, சாவி வைத்திருப்பவருக்குத் திறந்துவிடும் வாசல். எப்படி வைத்தார்கள் என்பதுதான் என்னை உலுக்கியது. நிரலின் பகுதி, சோதனைக்கான கோப்புகள் என்ற பெயரில் உருமறைந்து கிடந்தது. அதை எழுப்புகிற வரிகள் எல்லோரும் பார்க்கும் மூலநிரல் களஞ்சியத்தில் இல்லை, கட்டி விநியோகித்த பொதியில் மட்டும் இருந்தன. மூலத்தையும் படியையும் பக்கத்தில் பக்கமாக வைத்து ஒப்புநோக்கியிருந்தால் இடைச்செருகல் தெரிந்திருக்கும். உ.வே.சா. முதலியோர் விளக்கு வெளிச்சத்தில் செய்த வேலை. திறந்த மூலம் என்றால் ஆயிரம் கண்கள் பார்க்கின்றன என்பார்கள். ஆயிரம் பேரும் வேறு யாரோ பார்ப்பார்கள் என்றிருந்துவிட்டார்கள்.

மார்ச் 29 அன்று விஷயம் வெளியே வந்தது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளப் பணியாளரும் மைக்ரோசாஃப்ட் ஊழியருமான ஆந்த்ரெஸ் ஃபிராய்ண்ட், வேறெதையோ அளந்துகொண்டிருந்தபோது உள்நுழைய அரை வினாடி கூடுதலாக ஆகிறதே என்று தோண்டிப் பார்த்தார். அந்த அரை வினாடியை அவர் அலட்சியம் செய்திருந்தால் அடுத்த சில மாதங்களில் அந்தப் பதிப்பு உலகின் சர்வர்களுக்குள் போயிருக்கும். அப்போதைக்குச் சோதனைப் பதிப்புகளோடும், சுடச்சுடப் புதியதை ஏற்கும் விநியோகங்களோடும் நின்றது. டெபியனின் நிலையான பதிப்பைப் போலப் பழையதில் இருந்தவர்கள் தப்பினார்கள். என் நண்பரிடம் கேட்டேன். 'நாங்களா? அப்டேட் பண்ணாம சோம்பேறியா இருந்தோம், பிழைச்சோம்' என்றார்.

பழையதே நல்லது என்று இதைப் புரிந்துகொண்டால் அபத்தம். ஈக்விஃபேக்ஸ் கண்முன்னால் நிற்கிறது. கவனிக்கவேண்டியது, தாக்கியவர்கள் கையாண்ட மொழி. ஏன் தாமதம், ஏன் புதுப்பிக்கவில்லை, பயனாளிகள் காத்திருக்கிறார்கள் என்று கொலினை அவர்கள் நெருக்கிய வாக்கியங்கள் எதுவும் விசேஷமாகத் தயாரிக்கப்பட்டவை அல்ல. திறந்த மூல நிரலை எழுதுகிற எவருக்கும் தினசரி வருகிற வாக்கியங்கள்தான். அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கள்ளவாசல் தயாரானதும் லினக்ஸ் விநியோகஸ்தர்களிடம் புதிய பதிப்பைச் சீக்கிரம் சேருங்கள் என்று வற்புறுத்தியதும் அதே மொழியில்தான். காலாவதிச் சொல்லாடல் இங்கே வெறும் வர்ணனை அல்ல, ஆயுதம். 2018இலேயே இதற்கு ஒரு ஒத்திகை நடந்திருந்தது. 'ஈவென்ட்-ஸ்ட்ரீம்' என்ற பொதியைத் தான் பயன்படுத்துவதை நிறுத்திவிட்ட டொமினிக் டார், பராமரிக்கிறேன் என்று கேட்ட அந்நியருக்குக் கொடுத்தார். பிட்காயின் திருடும் நிரல் ஏறியது. உலகம் டாரைத் திட்டியது. அவர் கொடுக்காமல் வைத்திருந்தால் பழையது என்று திட்டியிருக்கும்.

இப்போது சட்டங்கள் வருகின்றன. 2021 மே மாத அமெரிக்க ஆணை, அரசுக்கு விற்கப்படும் மென்பொருளில் என்னென்ன பொதிகள் அடங்கியிருக்கின்றன என்று பட்டியல் கேட்டது. 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் இன்னும் கொஞ்சம் தூரம் போகிறது. சந்தையில் விற்கிறவரே தான் உள்ளே எடுத்துப் போட்டதற்கும் பொறுப்பு, வணிக நோக்கமின்றி எழுதுகிறவர் அல்ல என்று பிரித்திருக்கிறது. முதல் வரைவுகளில் இந்தப் பிரிப்பு தெளிவாக இல்லாததால் தன்னார்வலர்கள் கூச்சல் போட்டுத்தான் வாங்கினார்கள். முக்கியக் கடமைகள் 2027 டிசம்பரிலிருந்து. விற்கிறவரின் பொறுப்பு, எழுதுகிறவருக்குச் சம்பளமாக இறங்கி வருமா, இல்லை ஸ்டென்பர்க்குக்கு வந்த மாதிரி இன்னும் நீளமான கேள்விப் பட்டியல்களாக இறங்கி வருமா என்பதைச் சட்டம் சொல்லவில்லை.

கொலின் திரும்பி வந்தார். ஜியா டான் போட்ட வரிகளை ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்து, கள்ளவாசலை அகற்றிய 5.6.2 பதிப்பை 2024 மே 29ஆம் தேதி வெளியிட்டார்.